பல்லைப் பாருங்கள்!

பாறை நிலத்தைத் தோண்ட முடியாமல் இயந்திரம் திணறினால், "இன்னும் பெரிய எஞ்சின் வேண்டும்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. முதலில் பக்கெட்டின் பற்களைப் பார்க்க வேண்டும்.

விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம் அன்றோ? பல் இல்லாத பக்கெட்டின் விளிம்பு 100 செ.மீ. நீளம், 2 செ.மீ. தடிப்பு எனக் கொள்வோம். நிலத்தைத் தொடும் பரப்பு 200 சதுர செ.மீ. அதில் 4 சதுர செ.மீ. முனையுள்ள 5 பற்களைப் பொருத்தினால் பரப்பு 20 சதுர செ.மீ. தான். விசை அதேதான், அழுத்தமோ 10 மடங்கு!

பல் மழுங்கினால் இந்த ஆதாயம் குறையும், டீசல் வீணாகும். ஆகவேதான் பற்களைக் கழற்றி மாற்றும்படி அமைக்கிறார்கள். கிணறு வெட்டுவோர் கடப்பாரை முனையை உலையில் காய்ச்சிக் கூராக்குவதும் இதற்காகவே.

மாணவர்களே, சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் போதாது. வேலை நடக்கும் இடத்தில், எட்ட நின்று, அந்தப் பற்களைக் கவனியுங்கள்.