லயத்துக்கு எதுகை

ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் செய்யுளில் எதுகை தேடுவது வீண் முயற்சி என்று எண்ணியிருந்தவர்களுள் நானும் ஒருவன். அவ்வெண்ணத்தால் மாணவி ஒருத்திக்கு நான் இழைத்த பிழையே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

பதுளைக்கு அப்பால், நமுனுகுல மலைச் சாரலிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் சில ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி தன் வீட்டைப் பற்றி நான்கடிச் செய்யுள் ஒன்று எழுதி வந்தாள். அதிலே 'லயம்' என்ற சொல் இருந்தது. சிவப்பு மையால் அதன் கீழே கோடிட்டு, 'பிறமொழிச் சொல். நீக்குக' என்று எழுதினேன். 'குடியிருப்பு' என்று மாற்றும்படியும் சொன்னேன். அவள் சற்றே தயங்கி நின்றாள்.

"கிளாக்கர் ஐயா இருக்கிறதும் குடியிருப்புத்தானே, சேர்? லயம்னா எங்க வீடு மட்டுந்தான்" என்றாள்.

அதற்கு விடை கூற எனக்குத் தெரியவில்லை. கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன். ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை.

அச்சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகளை எழுப்பித் தொழிலாளரைக் குடியேற்றிய வெள்ளைக்காரத் துரைமார், அக்கட்டடத்தை 'லைன்' என்றனர். தொழிலாளர் நாவிலே அது 'லயன்' ஆயிற்று. பின்னர் 'லயம்' என்றும் ஆயிற்று. இன்றும் இரு வடிவங்களும் வழங்குகின்றன. இறுதி னகரம் மகரமாய் மாறியது கொச்சை என்று தள்ளத்தக்கதா? அறம் அறன் என்றும், நிலம் நிலன் என்றும், கலம் கலன் என்றும் வருவதை நாம் வகுப்பிலே கடைப்போலி என்று கற்பிக்கிறோம். நன்னூலைக் கண்டிராத கொழுந்து பறிப்போர், நன்னூலார் கண்ட அதே நெறியில் ஓர் அந்நியச் சொல்லைத் தமிழாக்கியிருக்கின்றனர்.

ஆங்கிலேயரின் செவியும் இவ்விரு மெல்லொலிகளின் உறவை அறியும். அவர்கள் செய்யுளில் ஒலி ஒப்புமை சொல்லின் ஈற்றிலே விழும். நம் இயைபைப் போன்றது அது. 'லைன்' என்பதற்குப் 'பைன்', 'மைன்', 'வைன்' என்பன முழு இயைபு. 'டைம்' என்பது அரை இயைபு. இந்த அரை இயைபுகளை விரும்பிக் கையாண்ட அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் 1886இல் மறைந்தார். 1890இல் அவர் கவிதைகளை முதன்முதல் நூலாக வெளியிட்டவர்கள் அவற்றுட் சிலவற்றைப் பிழையென்று கருதித் திருத்தினர். அவர் எழுதியவாறே முழுத் தொகுப்பு வெளிவர 1955ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதைப் படித்தபோது என் சிவப்பு மை நினைவுக்கு வந்தது.

இனி நம் எதுகைக்கு வருவோம். அடிதோறும் முதலெழுத்து அளவால் ஒத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. 'லயம்' என்பதற்கு அயலும் துயரும் நேரே எதுகையாகும். யகர வருக்கத்தில் வயிறும் உயிரும் வந்து சேரும். லகரம் தமிழிலே மொழிமுதல் வாராது என்று ஆட்சேபிப்போர் உண்டு. அவர்கள் விருப்பப்படியே இகரத்தை முன்னிட்டு 'இலயம்' என்று எழுதுவோம். அப்போது நிலமும் குலமும் எதுகையாகும். மலையும் இலையும் விலையும் உடன் வரும். இலக்கணப்படி எழுதினாலும் வழக்குப்படி எழுதினாலும், அம்மக்களின் வாழ்வைச் சொல்ல வேண்டிய சொற்களே இச்சொல்லுக்குத் துணையாக வந்து நிற்கின்றன. 'குடியிருப்பு' என்பதற்கு இத்தகைய துணையை நான் தேடிப் பார்த்தேன். 'படி', 'அடி' என்பவற்றுக்கு அப்பால் என்னாற் செல்ல இயலவில்லை.

'பெரட்டு' என்பதையும் நோக்குக. விடியற்காலையில் தப்பொலி கேட்டுத் தொழிலாளர் கூடும் அணிவகுப்பைக் குறித்த ஆங்கிலச் சொல்லே 'பெரட்டு' ஆயிற்று. விரட்டு, மிரட்டு, புரட்டு என முதலெழுத்தொழிய மற்றெல்லாம் ஒன்றும் தலையாகெதுகை அதற்கு வாய்த்திருக்கிறது. இச்சொற்களை நாட்டார் பாடல்கள் தயக்கமின்றி ஆண்டன. அப்பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் கவிதை படைத்தவர். இரு மொழியின் செவியும் வாய்த்தவர். அவர் இச்சொற்களைக் களைந்துவிடவில்லை.

சங்கீத வித்துவான் சொல்லும் 'லயம்' வடசொல். அதை நாம் யாரும் கோடிட்டதில்லை. அதே உருவில் தோட்டத்திலிருந்து வரும் சொல்லை மட்டும் வாசலில் நிறுத்துவது எவ்வகை நியாயம்? சொல்லின் பிறப்பையன்றி, அதைச் சொல்வோரின் நிலையையே நாம் கோடிடுகிறோம் என்று அஞ்சுகிறேன்.

ஆங்கிலச் சொற்களைக் கவிதையில் வரைவின்றிக் கொட்டலாம் என்பதன்று என் கருத்து. தமிழில் நல்ல சொல் இருக்க, நாகரிகம் கருதி இரவல் வாங்குவது இழிவே. மக்கள் நாவில் தமிழோசை பெற்று, வேறொரு சொல்லால் ஈடு செய்ய முடியாத பொருளைத் தாங்கி நிற்பதையே ஏற்க வேண்டும் என்கிறேன். 'லைன்' வேண்டாம், 'லயம்' வேண்டும். திசைச்சொல் என ஒரு வகையைச் செய்யுட் சொல்லுள் வைத்த தொல்காப்பியர் நமக்கு அரண்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்த வடு முழுதும் ஆறவில்லை. அச்சட்டங்களை இயற்றியவர்கள் நாமல்லர். சொற்களின் குடியுரிமையோ தமிழாசிரியர் கையிலுள்ளது. ஊவாவின் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த தவணையில் மாணவர்களிடம் தங்கள் தோட்டத்துச் சொற்கள் பத்தையும் அவற்றுக்கு எதுகைகளையும் எழுதிவரச் சொல்லுங்கள். யாப்பு அவர்களுக்கு எளிதில் விளங்கும். நமக்கும் சில விளங்கும்.

அம்மாணவி பாடசாலையை விட்டுச் சென்று நாளாயிற்று. அவள் கொப்பியில் நான் இட்ட கோட்டை இனி அழிக்க வழியில்லை. அவள் எழுதிய அடிதான் சரி என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.