வலிமைக்கு ஒரே அளவுகோலா?

குத்துச்சண்டையில் பெருவலிமை உடையோனே வெல்வான் என்பார் உளர். யாம் அதற்கு உடன்படோம். 1971இல் முகம்மது அலியை ஜோ ஃபிரேசியர் வென்றார். 1973இல் அந்த ஃபிரேசியரை ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே சுற்றுகளில் ஆறுமுறை வீழ்த்தினார். எனினும் 1974இல் கின்ஷாசாவில் ஃபோர்மனை அலி எட்டாம் சுற்றில் சாய்த்தார்.

காரணம் என்ன? குனிந்து நெருங்கித் தாக்கும் ஃபிரேசியர், விலகி ஆடும் அலிக்கு இடரானார். நெருங்குவோரை நொறுக்கும் ஃபோர்மனுக்கோ எளிய இலக்கானார். அலியோ கயிற்றில் சாய்ந்து, அடிகளைத் தாங்கி, ஃபோர்மனைக் களைப்புறச் செய்தே வென்றார். தன் ஆற்றலோடு எதிரியின் ஆற்றலையும் எண்ணுக என வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் உணர்த்தியதும் இதுவன்றோ!

போடிமெட்டுச் சாலையும் மலையை நேரே மோதி ஏறவில்லை, வளைந்தே ஏறுகிறது. ஏலமலைச் சரிவுகளிலிருந்து வரும் எம் மாணவர் நகரத்தாரைக் கண்டு தயங்க வேண்டா. தமக்குரிய முறையறிந்து களம் புகுக!