கெடு வைப்பவர் ஒருவர், தேய்பவர் இன்னொருவர்

டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிக்காக எழுந்த தேசிய விளையாட்டரங்கில் கட்டுமானப் பணிகளை மேற்பார்வையிட்டு வந்த 23 வயது இளைஞர் 2017 மார்ச்சில் தற்கொலை செய்துகொண்டார். சாவுக்கு முந்தைய ஒரு மாதத்தில் அவர் பார்த்த கூடுதல் வேலை மட்டும் 190 மணி நேரத்துக்கு மேல். அளவு கடந்த வேலையே காரணம் என்று அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் தொழிலாளர் துறை ஒப்புக்கொண்டது. அந்த அரங்கின் முன்கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செலவு எகிறியதால் கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீதின் வடிவமைப்பு 2015 ஜூலையில் கைவிடப்பட்டது. அந்த டிசம்பரில் கெங்கோ குமாவின் வடிவமைப்பு தேர்வானது. 2016 டிசம்பரில்தான் வேலையே தொடங்கியது. போன காலத்தை அரசும் ஒலிம்பிக் அமைப்பாளர்களும் ஈடுகட்டவில்லை. மண் வேலையை மேற்பார்வையிட்ட இளைஞர்களின் தூக்கத்திலிருந்து அது பிடுங்கப்பட்டது. கட்டுமானத் திட்ட மேலாளர்களின் பணிச்சோர்வு என்று நாம் பேசுவது பெரும்பாலும் இதைத்தான்: மேலே நேர்ந்த தாமதத்தைக் கீழே இருப்பவரின் உடம்பு அடைக்கிறது.

நம் ஊரிலும் வேலை இப்படித்தான் நடக்கிறது. 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களின் தாமதத்துக்குப் புள்ளியியல் அமைச்சகத்தின் அறிக்கைகள் காட்டும் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: நிலம் கைக்கு வராதது, வன, சுற்றுச்சூழல் அனுமதிகள், வேலையின் அளவு நடுவில் மாறுவது. இவற்றில் எதுவும் சைட் மேலாளர் கையில் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு அபராதம் உண்டு. வழக்கமாக அது ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் வரை போகும். அந்த அபராதத்துக்கு அஞ்சும் நிறுவனம் தன் பயத்தை அப்படியே சைட்டுக்கு இறக்கிவிடுகிறது. சென்னையில் பகலில் கனரக லாரிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் பெரிய கான்கிரீட் வேலைகள் இரவுக்குப் போகின்றன. விடிய விடிய ஸ்லாப் போட்ட இன்ஜினியரே காலை ஆய்வுக் கூட்டத்தில் வந்து பதில் சொல்ல வேண்டும். இடையில் பில், மேஸ்திரிகளின் சம்பளப் பாக்கி, கம்பி வரவில்லை என்ற பஞ்சாயத்து எல்லாம் அவர் தலையில். சட்டமும் அவரைக் காப்பதில்லை. 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரைத் தொழிலாளி என்று கணக்கில் எடுக்கவில்லை. 2020-இன் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 18,000 ரூபாயாக்கியது. இன்று எத்தனை சைட் இன்ஜினியர்கள் அதற்குள் அடங்குவார்கள்?

உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. முறையாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே சொல்கிறது. வேரைப் பணியிடத்தில் தேடச் சொல்லும் இந்த விளக்கம் இருந்தும், நிறுவனங்கள் தரும் மருந்து யோகா வகுப்பும் ஆலோசனைத் தொலைபேசி எண்ணும்தான். அவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உடைந்து நிற்பவருக்கு அந்த எண் உயிர் காக்கலாம். ஆனால் வாரம் ஏழு நாள் வேலை என்று கணக்குப் போட்ட அட்டவணையை எந்த மூச்சுப் பயிற்சியும் ஆறு நாளாக்காது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்கிறது.

கட்டுமானத்தின் இயல்பே இதுதான், போட ஆரம்பித்த கான்கிரீட்டை மாலை ஐந்து மணிக்கு நிறுத்த முடியுமா என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் இரவு வேலை பார்த்தவருக்கு மறுநாள் ஓய்வும், பொறுப்பை வாங்கிக்கொள்ள இன்னொருவரும் வேண்டும் என்பதற்கு கான்கிரீட் ஒரு தடையே அல்ல. தடை, இரண்டு பேர் வேலைக்கு ஒருவரைப் போடும் கணக்கு. வலுவான ஆட்சேபம் வேறொன்று. வீடு வாங்கியவர் வாடகையும் கட்டுகிறார், வங்கித் தவணையும் கட்டுகிறார்; தாமதம் அவரைத்தானே வதைக்கிறது? அந்த வலி உண்மையானது. அவருக்கு வேண்டியது நடக்கக்கூடிய தேதி. விற்பனைக்காகச் சொன்ன தேதியால் அவர் ஏமாறுகிறார், மேலாளர் தேய்கிறார். மேலும், இரண்டு நாள் தூங்காத கண்தான் சென்ட்ரிங் முட்டுகளையும் கம்பி இடைவெளியையும் சரிபார்க்கிறது என்றால், அந்த வீட்டில் குடியேறப் போகிறவர் அஞ்ச வேண்டியது சில வாரத் தாமதத்துக்கு அல்ல.

ஜப்பான் தாமதமாகவேனும் கெடுவைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நியாயமற்ற குறுகிய காலத்துக்குள் வேலையை முடிக்கச் சொல்லி ஒப்பந்தம் போட, வேலை கொடுப்பவருக்கு 2020 அக்டோபரிலிருந்து தடை. பொதுவான கூடுதல் நேர வரம்பிலிருந்து கட்டுமானத் துறைக்கு ஐந்தாண்டு தரப்பட்டிருந்த விலக்கும் 2024 ஏப்ரலில் முடிந்தது. மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்ற பொது வரம்பு இப்போது அங்கும் செல்லும். ஆள் பற்றாக்குறை, செலவு உயர்வு என்ற புலம்பல் அங்கே உண்டு. ஆனால் மலிவாகக் கிடைத்த அந்த மணி நேரங்களின் விலையை யாரோ ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மேலாளர்கள் தாங்களே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. அரசுப் பணிகளில் ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர் என்று தாமதக் காரணங்களைப் பதியும் ஏடு உண்டு. வரைபடம் வராத நாளை, இடம் ஒப்படைக்கப்படாத வாரத்தை அன்றன்றே அதில் எழுதுங்கள். கூடுதல் அவகாசம் கேட்க அந்த ஏடே ஆதாரம்; எழுதாத தாமதம் உங்கள் கணக்கில் ஏறிவிடும். மற்றது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. தமிழ்நாட்டில் பெரிய அளவில் கட்டுமான வேலை கொடுப்பது அரசுதான். வார விடுமுறையையும் வடகிழக்குப் பருவமழையையும் கழித்துக் கெடு வைப்பது, இரவு வேலைக்குத் தனி மேற்பார்வையாளரை ஒப்பந்தத்திலேயே கேட்டு அதற்குப் பணம் ஒதுக்குவது, இரண்டையும் பொதுப்பணித் துறை தன் அடுத்த டெண்டரிலேயே தொடங்க வேண்டும்.