ஐந்து மணிகளில் இருக்கிறது உயிர்

டயாலிசிஸின்போதும் இதய அறுவை சிகிச்சையின்போதும் கருவியின் குழாய்க்குள் ரத்தம் உறைந்துவிடாமல் காக்கும் மருந்து ஹெப்பாரின். 1916-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் செய்த ஆய்வில் இதற்கான முதல் தடயம் கிடைத்தது. இன்று இது பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது.

ஹெப்பாரின் என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த நீண்ட மாலை. நம் உடலின் மாஸ்ட் செல்களும் இதைத் தயாரிக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் ‘கோல்கி’ என்ற பகுதிதான் பட்டறை, என்சைம்கள்தான் வேலையாட்கள்.

சில என்சைம்கள் இரண்டு வகை மணிகளை மாற்றி மாற்றிக் கோக்கின்றன. அடுத்து வரும் என்சைம், சில மணிகளில் உள்ள அசிட்டைல் துணுக்கை நீக்கிவிட்டு அங்கே சல்பேட்டை ஒட்டுகிறது. மற்றொன்று சில மணிகளின் அமைப்பையே திருப்பி வைக்கிறது. கடைசியாக வருபவை வேறு சில இடங்களில் சல்பேட்டைச் சேர்க்கின்றன.

புரதம் தயாரிக்க மரபணுவில் எழுத்துக்கு எழுத்து குறிப்பு உண்டு. இந்த மாலைக்கு அப்படி எதுவும் கிடையாது. முந்தைய என்சைம் செய்துவைத்ததைப் பார்த்துத்தான் அடுத்தது வேலையைத் தொடங்கும். அதனால், மாலைக்கு மாலை வித்தியாசம் இருக்கும்.

இவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாலைகளில் மட்டுமே ஒரு விசேஷ ஐந்து மணி வரிசை அமைகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ‘ஆன்டித்ராம்பின்’ புரதம் பற்றிக்கொள்வது இதைத்தான். பற்றியதும் அதன் வேகம் ஆயிரம் மடங்கு வரை கூடுகிறது. நடுமணியில் இருக்கும் ஓர் அரிய சல்பேட் இல்லாவிட்டால் அந்தப் பிடி நழுவிவிடும்.

அப்படியானால் சல்பேட் அதிகமாக இருந்தால் நல்லதுதானே? இல்லை. 2008-ல் அமெரிக்காவில் ஹெப்பாரின் ஊசி போட்ட சிலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்தது, மூச்சுத் திணறியது. உயிரிழப்புகளும் நேர்ந்தன. மருந்தில் மலிவான கலப்படம் இருந்தது பிறகு தெரியவந்தது. குருத்தெலும்பில் உள்ள காண்ட்ராய்டின் என்ற இன்னொரு சர்க்கரை மாலையில், ரசாயன முறையில் சல்பேட்டை அள்ளி ஏற்றியிருந்தார்கள். பார்வைக்கு ஹெப்பாரின் போலவே இருந்ததால், அன்றைய வழக்கமான பரிசோதனைகளில் அது தப்பிவிட்டது. அதன் பிறகே பரிசோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன.

இன்று அந்த ஐந்து மணிகளை மட்டும் ஆய்வகத்தில் கோத்த ‘ஃபோண்டாபரினக்ஸ்’ என்ற மருந்து இருக்கிறது. பன்றிக் குடலை நம்பாமல், என்சைம்களைக் கொண்டே ஹெப்பாரின் தயாரிக்கும் முயற்சியும் நடக்கிறது. எத்தனை சல்பேட் என்பதைவிட, எந்த மணியில் எந்த இடத்தில் என்பதே முக்கியம். அந்தக் கணக்கு செல்லுக்குள் இருக்கும் என்சைம்களுக்கு அத்துப்படி!