வயிற்றுக்குள் போன ஊசி



இம்மாதம் ஒரு பூனையைப் பற்றி எழுதப் போகிறேன். யுத்தம் தின்ற வீடுகளில் பூனையா பெரிய விடயம் என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ராத்தா 1990இல் கணவரை இழந்தவர். பிள்ளைகள் கலியாணம் முடித்துத் தூர ஊர்களுக்குப் போய்விட்டார்கள். தையல் மெஷின்தான் அவருக்குச் சோறு போடுகிறது. பூனைதான் பேச்சுத்துணை.

ஒருநாள் காலையில் வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "புள்ள, இஞ்ச வந்து பாருகா. ரெண்டு நாளா இது ஒண்டும் தின்னுதில்ல. நுரை நுரையா சத்தி எடுக்குது."

போய்ப் பார்த்தால் பூனையின் வாயோரத்தில் நீலநூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ராத்தா அதைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார். நான் தடுத்துவிட்டேன். தையலும் கைத்தறியும் நிறைந்த மருதமுனை, கல்முனைப் பக்கத்து வீடுகளில் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பூனையின் நாக்கில் உள்நோக்கிச் சாய்ந்த முட்கள் உள்ளன. நூல் நாக்கில் பட்டால் அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு நுனி நாக்கின் அடியில் சிக்கியிருக்க, மறு நுனி குடலுக்குள் இறங்கும். பாவாடைக்கு நாடா கோத்து இழுத்தால் துணி சுருங்கிக்கொண்டு வருமல்லவா, குடலும் அப்படியே சுருங்கும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து இழுத்தால் நூல் குடலை வாள்போல அறுத்துவிடும்.

மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். எக்ஸ்ரே எடுக்க வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. நூல் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனால் நூலின் நுனியில் கோத்திருந்த ஊசி இரைப்பைக்குள் பளிச்சென்று தெரிந்தது. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பூனை பிழைத்துவிட்டது. செலவுக்கு ராத்தா தைத்துக் கொடுத்த இரண்டு மாதக் கூலி போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"ஊசி இரைப்பையில்தான் இருந்தது. எண்டோஸ்கொப்பி வசதி இருந்திருந்தால் வெட்டாமலே எடுக்கப் பார்த்திருக்கலாம்" என்றார் வைத்தியர். அது என்னவென்று அவரிடமே கேட்டேன். சுண்டுவிரலிலும் மெல்லிய, வளையக்கூடிய ஒரு குழாய். நுனியில் வெளிச்சமும் சிறு கமராவும் இருக்கும். வாய் வழியாக விட்டால் தொண்டை, இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் எல்லாம் திரையில் தெரியும். பின்வழியாக விட்டால் பெருங்குடலைப் பார்க்கலாம். நாய்களுக்கு மூக்கில் இரத்தம் வந்தால் அதற்கென்று உள்ள இன்னொரு குழாயால் மூக்கினுள்ளும் பார்க்கிறார்கள். மிருகத்திடம் "அசையாதே" என்று சொல்ல முடியாதே, அதனால் முழு மயக்கம் கொடுத்தே செய்வார்கள். முதல்நாள் இரவு தீனி வைக்கக் கூடாது.

இந்தக் கருவிக்கு ஒரு கதை உண்டு. 1868இல் ஜெர்மனியில் குஸ்மவுல் என்ற வைத்தியர் மனிதரின் இரைப்பையைப் பார்க்க விரும்பினார். நேரான, வளையாத குழாயை யார் விழுங்குவார்கள்? வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்து வந்துதான் பார்த்தாராம். வளையும் குழாய்க்கு வழி பிறந்தது கண்ணாடி இழையால். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹரோல்ட் ஹொப்கின்ஸும் இழைக்கட்டின் வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் எழுதினார்கள். 1957இல் ஹிர்ஷோவிட்ஸ் என்ற வைத்தியர் அப்படிச் செய்த குழாயை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். நூலைக் கட்டி ஆளும் நமக்கு இழையின் அருமை புரியாதா!

ஆனால் விழுங்கியதை எடுப்பது மட்டுமல்ல இதன் வேலை. வயதான பூனை வாரக்கணக்கில் சத்தி எடுத்து மெலிந்தால் அது குடல் அழற்சியாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குழாய் வழியாகக் குறுநொய் அளவு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தால்தான் பெரும்பாலும் தெளிவு கிடைக்கும். மருந்தும் வேறு வேறு. சிறுகுடலின் நடுப்பகுதிக்குக் குழாய் எட்டாது என்ற குறையும் உண்டு. நூலோடு ஊசி அங்கே போயிருந்தால் பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய மிருக வைத்தியக் கல்லூரியில் நாய் பூனைகளுக்கு இப்படிப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் பெரிய நகரங்களில் சில இடங்களில்தான் கிடைக்கிறது. செலவும் நம் போன்றோருக்குப் பாரம். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்துக்கு ஒரு போதனா வைத்தியசாலை இருக்கிறது. கை மீறிய நோயென்றால் அங்கே கேட்டுப் பார்க்கலாமா என்று உங்கள் வைத்தியரிடம் விசாரியுங்கள். கருவி இல்லாத ஊரில் உங்கள் கண்தான் கருவி. எப்போதிருந்து தின்னவில்லை, சத்தி என்ன நிறம், மலம் போனதா, வீட்டில் ஊசி நூல் ஏதும் குறைகிறதா, இவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். வாயில் நூல் தெரிந்தால் இழுக்காமல் அன்றைக்கே கொண்டு போங்கள். வலிக்கென்று பூனைக்குப் பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு வில்லையே அதைக் கொல்லப் போதும்.

வைத்தியர் சொன்னதையெல்லாம் ராத்தாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அவர் எழும்பிப் போய் பிஸ்கட் டின்னைத் திறந்து மடித்த கடதாசி ஒன்றைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிக் கடிதம். இரண்டு வருடப் பழையது. நெஞ்செரிவுக்கும் வயிற்று நோவுக்கும் அவர் வருடக்கணக்காகக் குளிசை விழுங்குவது எனக்குத் தெரியும். இது தெரியாது.

"இதிலயும் அந்தக் குழாயத்தானா எழுதியிரிக்கி?"

"ஓம் ராத்தா. ஏன் போகல்ல?"

"வயித்த வெட்டுவாங்களெண்டு நெனச்சன். வெட்டினா யாரு தைக்கிற, யாரு சோறாக்குற?"

வெட்டுவதில்லை, தொண்டை மரக்க மருந்து அடிப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம் என்று சொன்னேன். மடியில் படுத்திருந்த பூனையின் வயிற்றுத் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளினிக் எண்டைக்கி?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை. நானும் கூடப் போகிறேன்.