பெல் அடிச்சாச்சு... தண்ணி எங்கே? கக்கூஸ் எங்கே?



அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பள்ளிக்கூடம் போற பொம்பளப் புள்ளைகளோட அம்மாமார்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. காலையில கொடுத்துவிட்ட தண்ணி பாட்டில் சாயங்காலம் எப்படித் திரும்பி வருது? பல வீட்டில் பதில் ஒன்றுதான். கொண்டுபோன மாதிரியே வருது. ஏன் தாயி குடிக்கலைன்னு கேட்டா அந்தப் புள்ளை சொல்லும்: "குடிச்சா ஒன்னுக்கு வரும்ல."

அந்த ஒரு வரியில்தான் இந்தப் பதிவே இருக்கிறது.

2025 ஜூன் கடைசியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' வந்தது. காலை 11 மணி, மதியம் 1 மணி, மாலை 3 மணி. மணி அடித்தால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும். கேரளா 2019-லேயே செய்ததுதான். நல்ல யோசனை, நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் மணி அடித்த அதிகாரிகள் அடுத்த கேள்வியைக் கேட்கவே இல்லையே! குடித்த தண்ணீர் எங்கே போகும்? தாழ்ப்பாள் இல்லாத கதவு, காய்ந்து கிடக்கும் குழாய், மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டிய தரை. அங்கே போவதைவிட அடக்கிக்கொள்வதே மேல் என்று எட்டு வயசுப் புள்ளை முடிவெடுக்கிறது. தண்ணீர் குடிக்காமல் இருப்பது அதன் தப்பு இல்லை. அது கண்டுபிடித்த தற்காப்பு.

அடக்கினால் என்ன ஆகும்? எட்டு வயசுப் பிள்ளையின் மூத்திரப்பை கொள்ளளவு ஏறக்குறைய 300 மில்லி, ஒரு சின்ன வாட்டர் பாட்டில் அளவு. காலை எட்டு மணிக்கு மினி பஸ் ஏறி சாயங்காலம் ஐந்துக்கு வீடு திரும்பும்வரை ஒன்பது மணி நேரம் அதைப் பூட்டி வைத்தால் உள்ளே கிருமி பெருகும். பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர் வரும் குழாய் நீளம் குறைவு, அதனால் குடலில் இருக்கும் ஈ.கோலை கிருமி சுலபமாக மேலே ஏறுகிறது. தண்ணீர் குடிக்காததால் மலச்சிக்கல் வரும். அதுவும் மூத்திரப்பையை அழுத்தி நிலைமையைக் கெடுக்கும். ஏழு வயசுக்குள் 100 பெண் பிள்ளைகளில் சுமார் 8 பேருக்கும், 100 ஆண் பிள்ளைகளில் சுமார் 2 பேருக்கும் ஒரு முறையாவது இந்தத் தொற்று வந்துவிடுகிறது என்கிறது மருத்துவம். அதுவும் குழாயில் தண்ணீர் கொட்டும் நாடுகளின் கணக்கு.

நம்ம ஊரில் இதற்குப் பெயர் நீர்க்கடுப்பு. சூடு பிடிச்சிருச்சு என்போம். தொப்புளில் விளக்கெண்ணெய், ஒரு இளநீர், கொஞ்சம் மோர். வெறும் கடுப்பு என்றால் பரவாயில்லை, அப்பத்தா வைத்தியத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. ஆனால் கடுப்போடு காய்ச்சலும் சேர்ந்தால் அது சூடு இல்லை. கிருமி சிறுநீரகத்துக்கே போயிருக்கலாம். காய்ச்சலோடு முதல் தொற்று வரும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, மூத்திரம் கீழே போகாமல் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பி ஏறும் பிறவிக் கோளாறு இருக்கிறது. அவர்களுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழும். அந்தத் தழும்பு வலிக்காது. இருபது முப்பது வயசில் ரத்தக்கொதிப்பாகவும், சிலருக்கு டயாலிசிஸ் படுக்கையாகவும் வந்து நிற்கும். கைக்குழந்தை என்றால் காய்ச்சலைத் தவிர வேறு அடையாளமே இல்லாமல் போகலாம். ஒரு மூத்திரப் பரிசோதனை போதும். அதைச் செய்யாமல் மெடிக்கலில் ரெண்டு நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்து முடித்துவிடுகிறோம். பாதியில் நிறுத்திய மருந்து கிருமிக்குத்தான் பலம்.

(ஆண் பிள்ளை பெற்றவர்களும் கேளுங்க. பையன் ஒன்னுக்குப் போகும்போது தாரையாக வராமல் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக வந்தால் உடனே காட்டுங்க. வழியில் அடைப்பு இருக்கலாம். காலையில் கண்ணும் முகமும் வீங்கியிருந்தால், ஆணோ பெண்ணோ, அதையும் தள்ளிப்போடாதீங்க.)

குழந்தைகளின் சிறுநீரகம் எப்போது செய்தியாகிறது தெரியுமா? ஒரே நேரத்தில் கொத்தாகச் செத்தால். 2025 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து குடித்து 20-க்கும் மேற்பட்ட பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரேசன் கம்பெனியில். 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டுச் சோதனையே சொன்னது. அதன் பிறகுதான் லைசென்ஸ் ரத்து, கைது, அறிக்கை எல்லாம். மெதுவாகச் சிறுநீரகம் கெடும் நம்ம ஊர்ப் புள்ளைகளுக்கு அந்த அறிக்கைகூடக் கிடையாது.

சட்டம் இல்லையா? நிறைய இருக்கிறது! 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஆண், பெண் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் இருக்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆறு மாதம் கெடு வைத்தது. 2014 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் நின்று பிரதமர் மோடி ஒரு வருடத்தில் எல்லாப் பள்ளியிலும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை என்றார். கட்டினார்கள். எப்படிக் கட்டினார்கள் என்பதை ஒன்றிய அரசின் தணிக்கை அதிகாரியே 2020-ல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் சொல்கிறார். பொதுத்துறை நிறுவனங்கள் கட்டியவற்றில் நேரில் பார்த்த கழிப்பறைகளில் 72 சதவீதத்தில் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை. 30 சதவீதம் பயன்பாட்டிலேயே இல்லை. போட்டோவுக்குப் பெயின்ட் அடித்த சுவர், தோழர்களே. கக்கூஸ் இல்லை.

அதே ஒன்றிய அரசு, பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய பள்ளிக்கல்வி நிதி 2,152 கோடியை நிறுத்தி வைத்தது. அரசியல் சண்டைக்குப் பிள்ளைகளின் கழிப்பறைக் காசுதான் கிடைத்ததா?

அதைச் சொல்லி மாநில ஆட்சியாளர்களும் தப்பிக்க முடியாது. இது சாதாரணத் தொகுதியா? 1977-ல் எம்.ஜி.ஆரை ஜெயிக்க வைத்து முதல்வராக்கி அனுப்பிய அருப்புக்கோட்டை. 2021-ல் அருப்புக்கோட்டையில் ஜெயித்தவர் வருவாய்த்துறை அமைச்சரானார். திருச்சுழியில் ஜெயித்தவர் 2023-ல் நிதியமைச்சரானார். 2006 முதல் 2011 வரை பள்ளிக்கல்வித் துறையையே கையில் வைத்திருந்தவர். பக்கத்துப் பக்கத்துத் தொகுதி, ரெண்டு பெரிய இலாகா. ஆனாலும் இந்த விருதுநகர் மாவட்டம் 2018 முதல் ஒன்றிய அரசின் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில்தான் இருக்கிறது. வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாய் போட்டுத்தான் இந்தக் கரிசல் பூமி தொண்டை நனைக்கணும். குண்டாறு மழை பெய்தால்தான் ஆறு. வீட்டுக்கே குடத்துக் கணக்கில் தண்ணி வாங்குற ஊரில், பள்ளிக் கழிப்பறைக்குத் தனி இணைப்பும் தொட்டியும் இல்லாமல் கட்டிடம் மட்டும் எதுக்கு?

கழுவுவது யார் என்ற கேள்வியையும் கேட்கணும். நிரந்தரத் தூய்மைப் பணியாளர் இல்லாத இடத்தில் அந்த வேலை பிள்ளைகள் தலையில் விழுகிறது. எந்தப் பிள்ளைகள் தலையில் என்று உங்களுக்கே தெரியும். 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாக ஒரு தலைமை ஆசிரியை கைதானார்.

நாங்கள் கேட்பது பெரிய திட்டம் இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி ஒன்றியங்களில் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் கழிப்பறைக்குள் தண்ணீர் வருகிறதா, கதவு பூட்டுகிறதா என்று கணக்கெடுத்து ஊர்வாரியாக வெளியிடுங்கள். முழுச் சம்பளத்தோடு தூய்மைப் பணியாளரைப் போடுங்கள். வகுப்பு நடக்கும்போது ஒன்னுக்குப் போகக் கேட்டால் விடணும் என்று ஆசிரியர்களுக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் மூத்திரம் பாருங்கள். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்தாச்சு. அங்கே குழந்தைகள் சிறுநீரகத்துக்கு வாரம் ஒரு நாளாவது தனிப் பிரிவு நடத்துங்கள். கூலிக்காரக் குடும்பம் ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு 50 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கு அலையணுமா?

தோழர்கள் இந்த வாரம் ஒரு வேலை செய்யணும். உங்க ஊர்ப் பள்ளிக்கு, தலைமை ஆசிரியர்கிட்ட முறையாக அனுமதி கேட்டுப் போங்க. ஆசிரியர்கள்கிட்ட சண்டை வேண்டாம், அவங்களுக்கும் அதே கக்கூஸ்தான். குழாயைத் திறந்து பாருங்க, கதவைச் சாத்திப் பாருங்க. பிள்ளைகள் யாரும் படத்தில் விழாமல் போட்டோ எடுத்து, ஊர் பேரும் பள்ளிப் பேரும் தேதியும் போட்டு இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்க. வந்ததையெல்லாம் தொகுத்து, திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுக்கிறோம்.

#பெல்மட்டும்போதாது