பாட்டுக்கு இரண்டு பேர்

போனில் ஒரு பழைய பாட்டைத் தேடித் தட்டுங்கள். கதாநாயகன் படம் வரும். பாடியவர் பெயர் வரும். இசையமைப்பாளர் பெயரும் பெரும்பாலும் வந்துவிடும். எழுதியவர் பெயர் வந்தால் அன்றைக்கு நமக்கு நல்ல நேரம்!

ஆனால் ஒரு பாட்டு என்பது முதலில் இரண்டு பேர் உட்கார்ந்து செய்த வேலை. ஒருவர் மெட்டு, ஒருவர் வரி. இந்த ஜோடி சரியாக அமைந்தால்தான் பாடுபவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் பாட்டு நிற்கும். ஜோடி எப்படி அமைகிறது என்று பார்க்க கோடம்பாக்கம் வரை போக வேண்டாம். சேலத்தில் இறங்கினால் போதும்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் ஒரு பழைய முகப்பு வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் வாசல் அது. உள்ளே இப்போது வீடுகள். நெசவுக்குப் பேர்போன திருச்செங்கோட்டிலிருந்து வந்த டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய கம்பெனி. அவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். ஆலை நடத்துகிற கண்டிப்போடு சினிமா எடுத்தார். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) எல்லாம் இங்கிருந்து வந்தவைதான். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். நடிகர், கவிஞர், இசையமைப்பாளர் எல்லோருக்கும் ஒரே வாசல். பாட்டு ஜோடிகள் மூன்று விதமாக அமையும். அந்த மூன்றும் இந்த ஒரே வாசலுக்குள் நடந்திருக்கின்றன.

இரண்டு கவிஞர், ஒரு பேனா

மருதகாசி சினிமாவுக்குப் பாட்டெழுத வந்த முதல் படம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மாயாவதி’ (1949). இசை ஜி.ராமநாதன். அங்கேயே கவி கா.மு.ஷெரீப்பும் எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்தே பல படங்களுக்குப் பாட்டெழுதினார்கள்.

அப்படி வந்த படம்தான் ‘மந்திரி குமாரி’ (1950). கலைஞர் கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர். நாயகன். ஆனால் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தாத்தா பாட்டிகள் முதலில் சொல்வது, கணவன் தன் மனைவியைக் கொல்வதற்காக மலை உச்சிக்கு அழைத்துப் போகிற காட்சியின் பாட்டை. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. அவன் குரலில் அத்தனை கொஞ்சல்! நடக்கப்போவது கொலை. காதல் பாட்டுக்கு மேல் ஒரு பயம் கவிந்திருக்க வேண்டும். மெட்டு கொஞ்சம் கூடுதலாக அழுதிருந்தாலோ, வரி கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருந்தாலோ குட்டு உடைந்திருக்கும். ஜி.ராமநாதனும் அந்தக் கவிஞர்களும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தினார்கள்.

சேர்ந்து எழுதுவதில் ஒரு சங்கடமும் உண்டு. எது யாருடைய பாட்டு என்பது காலப்போக்கில் கலந்துபோகும். வெளிநாட்டில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனானும் பால் மெக்கார்ட்னியும் இதற்கு ஒரு வழி செய்தார்கள். யார் எழுதினாலும் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே போடுவது என்று இளவயதிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். 1965-இல் வந்த ‘யெஸ்டர்டே’ பாட்டு மெக்கார்ட்னி தனியாகச் செய்தது. அதிலும் லெனான் பெயர் இருக்கிறது. பேச்சு பேச்சுதான்!

வரி முன்னால், மெட்டு பின்னால்

இரண்டாவது விதத்தில் கவிஞர் முதலில் எழுதிவிடுவார். இசையமைப்பாளர் அதற்கு மெட்டு கட்டுவார்.

1956-இல் ‘பாசவலை’. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. அங்கே வந்து சேர்ந்தவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்; அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். எம்.எஸ்.வி. பின்னாளில் சொன்ன சம்பவம் இது. ஒரு புதுக் கவிஞர் இருக்கிறார் என்று சிபாரிசு வந்தபோது அவர் ஆர்வம் காட்டவில்லை. பிறகு அந்த இளைஞர் எழுதிய தாள் கைக்கு வந்தது. ஆட்டுக்குட்டியையும் நரியையும் வைத்தே உலக வாழ்க்கையைச் சொல்லியிருந்தார். படித்ததும் அசந்துபோனார் எம்.எஸ்.வி.

அதன் பிறகு அந்தக் கவிஞருக்கு வாய்த்த காலம் மிகக் கொஞ்சம். 1959 அக்டோபரில், 29 வயதில் இறந்துவிட்டார். தாள் அன்று மேசையில் படிக்கப்படாமலே கிடந்திருந்தால்?

எல்டன் ஜான், பெர்னி டாபின் ஜோடியும் இப்படித்தான். 1967-இல் ஒரு இசைத்தட்டுக் கம்பெனி கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து இருவரும் தனித்தனியாக விண்ணப்பித்தவர்கள். டாபின் எழுதிக் கொடுத்துவிடுவார். எல்டன் ஜான் வேறு அறையில் பியானோ முன்னால் உட்கார்ந்து மெட்டு போடுவார். ஐம்பது வருஷத்துக்கும் மேல் அதே முறை.

மெட்டு முன்னால், வரி பின்னால்

மூன்றாவது விதம்தான் சினிமாவில் அதிகம். இசையமைப்பாளர் ‘தன்னன்னா’ என்று மெட்டைப் பாடிக் காட்டுவார். கவிஞர் அதற்குள் வார்த்தையை உட்கார வைக்க வேண்டும். கேட்க எளிது. தமிழில் இது கத்தி மேல் நடப்பது. மெட்டு நீள்கிற இடத்தில் குறில் விழுந்தால் ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும், ‘கல்’ ‘கால்’ ஆகிவிடும். மெட்டு துள்ளுகிற இடத்தில் நெடில் போட்டால் பாடகருக்கு மூச்சு முட்டும். அர்த்தமும் கெடக்கூடாது, கதையும் நகர வேண்டும்.

டி.ஆர்.சுந்தரம் 1963-இல் மறைந்த பிறகு மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளியது. ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’ இரண்டும் 1966. இசை வேதா. அவர் கையாண்ட மெட்டுகளில் பல, இந்தியில் ஏற்கெனவே ஹிட்டானவை. மெட்டில் ஓர் அசை கூட்ட முடியாது, குறைக்க முடியாது. அதற்குத் தமிழ் எழுத வந்தவர் கண்ணதாசன். இதே கம்பெனியின் ‘இல்லற ஜோதி’க்கு (1954) வசனம் எழுதியவர்தான். ‘இரு வல்லவர்கள்’ படத்தில் டி.எம்.எஸ்.-சுசீலா ஜோடிப் பாட்டொன்றின் மெட்டு ஓ.பி.நய்யாருடையது. நம் ஊர்க் கல்யாண வீடுகளில் அதைப் பாடினவர்களில் எத்தனை பேருக்கு அது இந்தி மெட்டு என்று தெரியும்? வார்த்தை அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்ததால் மெட்டே தமிழாகிவிட்டது. கடன் வாங்கிய மெட்டு என்று வேதாவைக் குறைத்துப் பேசுவார்கள். எந்த மெட்டு நம் காதுக்கு ஒட்டும் என்று தேர்ந்தெடுத்ததும், அதற்கு நம் வாத்தியக்காரர்களை வைத்து உயிர் கொடுத்ததும் அவர்தானே?

யாருக்கு யார் வழிவிட்டது?

கண்ணதாசன் என்றதும் எம்.எஸ்.வி. நினைவு வராமல் போகாது. இருவருக்கும் பிறந்தநாள் ஜூன் 24. கவிஞர் 1927, மெல்லிசை மன்னர் 1928. இவர்களுக்குள் மெட்டுக்குப் பாட்டும் உண்டு, பாட்டுக்கு மெட்டும் உண்டு. ஒரு நாள் ஒருவர் முன்னால் போவார், மறுநாள் மற்றவர். நல்ல ஜோடியின் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். திறமை இரண்டு பேருக்கும் இருக்கும். வழிவிடத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்.

வழிவிட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1952-இல் என்.எஸ்.கே.யின் ‘பணம்’ படத்திலிருந்து இசையில் இணைந்தவர்கள் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும். வயதில் மூத்தவர் ராமமூர்த்தி. பெயரில் முன்னால் நின்றவர் விஸ்வநாதன். 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்த கையோடு பிரிந்தார்கள். எம்.எஸ்.வி.க்குத் தனியாகவும் நூற்றுக்கணக்கான படங்கள். ராமமூர்த்திக்குச் சொற்பம். 1995-இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக மறுபடி சேர்ந்தபோது முப்பது வருஷம் ஓடியிருந்தது. இன்று அந்த 13 வருஷப் பாட்டுகளையும் பலர் ‘எம்.எஸ்.வி. பாட்டு’ என்றுதான் சொல்கிறோம். வயலினில் அவ்வளவு உழைத்த மனிதரை ஒரு பெயர்ச் சுருக்கத்தில் தொலைத்துவிடுகிறோம்.

பெயர் போனால் காசும் போகும். சினிமாப் பாட்டின் உரிமை வெகுகாலம் தயாரிப்பாளருக்கும் இசைத்தட்டுக் கம்பெனிக்குமே போனது. இந்திக் கவிஞர் ஜாவேத் அக்தர் முன்னின்று போராடி, 2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்றானது. மருதகாசியும் ஷெரீப்பும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

சட்டம் செய்வதைச் சட்டம் செய்யட்டும். நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த முறை பழைய பாட்டு ஒன்றை அனுப்பும்போது, கீழே இரண்டு பெயரையும் சேர்த்து அடியுங்கள். தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்களில் பாதிப் பேர் யோசிக்காமல் சொல்வார்கள். மீதிப் பேர் ‘மருதகாசியா, ஷெரீப்பா?’ என்று சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை நடக்கிற வரைக்கும் இரண்டு பெயரும் பிழைத்திருக்கும்.